செயினை இறுக்குமுன்: புதிதாக வரும் ஃபிட்டர்களுக்குச் சில அறிவுரைகள்

பிளவக்கல் அணைக்குக் கீழே இருக்கும் வத்திராயிருப்பு, கூமாப்பட்டி, கான்சாபுரம் ஊர்களுக்கு நெல்லும் தென்னையும்தான் காலங்காலமாகப் பிழைப்பு. பெரியாறு அணையும் கோவிலாறு அணையும் நிறைந்தால் கண்மாய் நிறையும், கண்மாய் நிறைந்தால் குதிர் நிறையும். இன்றைக்கு அந்த வீடுகளிலிருந்தே ஒரு பிள்ளை ஐடிஐயோ பாலிடெக்னிக்கோ முடித்துவிட்டு, டிபன் பாக்ஸோடு விடியற்காலை பஸ் ஏறி ராஜபாளையம் பக்கம் போகிறது. இந்த வட்டாரத்துக்கு ஆலைத் தொழில் புதிதில்லை. 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லை ஆரம்பித்தார். 1962இல் விருதுநகர் அருகே ஆர்.ஆர். நகரில் சிமெண்ட் ஆலை வந்தது. 1970இல் ஆலங்குளத்தில் அரசு சிமெண்ட் ஆலை வந்தது. நூல் மில், சிமெண்ட் ஆலை, அரிசி ஆலை, தென்னை மட்டை அடிக்கிற நார் மில் என்று எங்கே போனாலும் ஏதோ ஒரு செயின் ஓடிக்கொண்டிருக்கும். புதிதாக வேலைக்குச் சேர்கிற பிள்ளையின் கையில் முதல் வாரமே ஒரு ஸ்பேனரைக் கொடுத்து, "போய் அந்த செயினை டைட் வைத்துவிட்டு வா" என்று அனுப்பிவிடுவார்கள். எவ்வளவு டைட் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். என் வேலைக்காலம் முழுக்க நான் பார்த்த வரையில், லூஸாக விட்டுக் கெட்ட செயினைவிட இறுக்கிக் கெடுத்த செயின்தான் அதிகம். இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படி, தம்பி.

1. கை முதலில், செயின் பிறகு.

ஓடுகிற செயினைத் தொடாதே. "ஒரு நிமிஷ வேலைதானே" என்று யார் சொன்னாலும் கேட்காதே. மோட்டாரின் ஸ்டாப் பட்டனை அமுக்கினால் மட்டும் போதாது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஐசொலேட்டரை இறக்கி, உன் பூட்டைப் போட்டு, சாவியை உன் பையில் வைத்துக்கொள். உன் பெயர் எழுதிய அட்டை அங்கே தொங்க வேண்டும். இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பூட்டு. பிறகு லோக்கல் ஸ்டார்ட் பட்டனை ஒரு தடவை அமுக்கிப் பார். மோட்டார் அசையவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் செயினை மூடியிருக்கிற கார்டைக் கழற்ற வேண்டும்.

சாய்வாக ஏறுகிற கன்வேயர், பக்கெட் எலிவேட்டர் என்றால் இன்னொரு ஆபத்து உண்டு. கரண்ட் போன பிறகும் மேலே ஏறிய சரக்கின் எடை அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். செயினைக் கழற்றிய நொடியில் அது பின்னால் உருண்டு இறங்கும். பின்னோட்டத்தைத் தடுக்கிற ஹோல்ட்பேக் இருக்கிறது என்று நம்பி நிற்காதே. செயினைத் தனியாகக் கட்டிப் பிடித்த பிறகு கண்ணிகளைச் சேர்க்கிற பின்னைத் தட்டு.

உடை விஷயத்தில் எந்தச் சலுகையும் கிடையாது. லுங்கி, தோளில் துண்டு, தொங்குகிற அரைக்கை, கழுத்துச் செயின், கையில் கட்டிய கயிறு எதுவும் ஆகாது. இயந்திரத்துக்கு வேலி போட வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 21ஆம் பிரிவில் எழுதி வைத்தது. ஓடும்போது பார்த்தே ஆக வேண்டிய வேலையை, பயிற்சி பெற்று, உடம்பை ஒட்டிய உடை போட்டு, பதிவேட்டில் பெயர் ஏறிய ஆள் மட்டும்தான் செய்ய வேண்டும் என்று 22ஆம் பிரிவு சொன்னது. விரல் போன ஆட்களைப் பார்த்துப் பார்த்துத்தான் அப்படி எழுதினார்கள். செயினை இறுக்குகிற வேலைக்கு ஓட்டம் தேவையே இல்லை. நிறுத்தித்தான் இறுக்க வேண்டும்.

2. செயின் நீளுவதில்லை, தேய்கிறது.

"செயின் இழுத்துப் போச்சு" என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். ரப்பர் மாதிரி தகடு இழுபட்டு நீண்டுவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். நடப்பது வேறு. ஒரு செயினைக் கழற்றிப் பார். வெளித்தகடு இரண்டையும் சேர்ப்பது பின். உள்தகடு இரண்டையும் சேர்ப்பது புஷ். புஷ்ஷுக்குள் பின் திரும்புகிறது, புஷ்ஷுக்கு மேல் ரோலர் உருளுகிறது. மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் 1880இல் செய்த புஷ் ரோலர் செயினின் அமைப்பு இதுதான். இன்றைக்கு உன் முன்னால் ஓடுவதும் அதே அமைப்புதான்.

ஒவ்வொரு தடவையும் செயின் பல்சக்கரத்தில் வளையும்போது, பின்னும் புஷ்ஷும் உரசி ஒரு துளி தேய்கிறது. ஒரு பின்னிலிருந்து அடுத்த பின் வரை உள்ள தூரம்தான் பிட்ச். 100 மில்லிமீட்டர் பிட்ச்சில் 30 மீட்டர் செயின் என்றால் 300 கண்ணி. ஒரு கண்ணிக்கு 0.1 மில்லிமீட்டர் தேய்ந்தால் போதும், மொத்தத்தில் 30 மில்லிமீட்டர் நீளம் கூடிவிடும். கண்ணுக்கே தெரியாத தேய்மானம், தொய்வாக வந்து நிற்கிறது.

இது புரிந்தால், தொய்வைப் பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்வி மாறிவிடும். எவ்வளவு இறுக்கலாம் என்பதை அப்புறம் பார்க்கலாம். எவ்வளவு தேய்ந்திருக்கிறது, ஏன் இவ்வளவு சீக்கிரம் தேய்ந்தது என்று முதலில் கேள்.

3. தொய்வை எங்கே பார்ப்பது.

சரக்கு ஏறிப் போகிற பக்கம் எப்போதும் விறைப்பாகத்தான் இருக்கும். அங்கே கையை வைத்து அமுக்கிப் பார்த்துவிட்டு "நல்லா டைட்டா இருக்கு" என்று சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அது வீண். சரக்குப் போய்ச் சேருகிற ஹெட் பக்கம் டிரைவ் இருக்கிற கன்வேயரில், ஹெட் ஸ்ப்ராக்கெட்டை, அதாவது அந்தப் பக்கத்துப் பல்சக்கரத்தை விட்டு இறங்கித் திரும்பிப் போகிற இடத்தில்தான் தொய்வு வந்து சேரும். செயின் சக்கரத்தை விட்டு விலகி, முதல் ரிட்டர்ன் ரோலரிலோ தண்டவாளத்திலோ போய் உட்காருகிற அந்த இடைவெளியைப் பார். அங்கே ஒரு மெல்லிய வளைவு இருக்க வேண்டும். வளைவே இல்லாமல் கம்பி மாதிரி நின்றால் இறுக்கம் அதிகம். வளைவு தொங்கி, கீழே இருக்கிற சட்டத்தில் உரசினாலோ, செயின் சக்கரத்தை விட்டுப் பிரியாமல் பல்லோடு ஒட்டிக்கொண்டு சுற்றப் பார்த்தாலோ தொய்வு அதிகம்.

ஒரே இடத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யாதே. செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்ந்திருக்காது. சக்கரமும் துல்லியமான வட்டமாக இருக்காது. ஒரு முழுச் சுற்று மெதுவாக ஓடவிட்டு, எந்த நிலையில் அதிக விறைப்பு வருகிறதோ அந்த நிலையில் நிறுத்தி, பூட்டுப் போட்டு, அப்புறம் அள. தளர்ந்த நிலையில் அளந்து இறுக்கினால், விறைப்பான நிலை வரும்போது பேரிங் அலறும்.

4. அளந்து பார்.

மோட்டார் கியர்பாக்ஸிலிருந்து ஹெட் ஷாஃப்டுக்குப் போகிற டிரைவ் செயினுக்குக் கணக்கு எளிது. தளர்ந்த பக்கத்தில், இரண்டு சக்கரத்துக்கும் நடுவே செயினைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார். மொத்த அசைவு, அந்தப் பக்கத்து நீளத்தில் ஏறத்தாழ 4% இருக்கலாம். 1 மீட்டர் என்றால் 40 மில்லிமீட்டர். செங்குத்தாக ஓடுகிற செயின், அடிக்கடி நின்று கிளம்புகிற செயின், முன்னும் பின்னும் திரும்புகிற செயின் இவற்றுக்கு 2% போதும், அதாவது 20 மில்லிமீட்டர்.

கையால் மட்டும் தூக்கிப் பார்த்து "ரெண்டு விரக்கடை இருக்கு" என்று சொல்லாதே. ஒரு நேரான கம்பியையோ இறுக்கிப் பிடித்த நூலையோ இரண்டு சக்கரத்துக்கும் மேலே வைத்து, நடுவில் ஸ்டீல் ரூலை நிறுத்தி, எண்ணைப் படி. அந்த எண்ணை அங்கேயே சாக்பீஸால் சட்டத்தில் எழுது. இதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.

5. இறுக்கினால் என்ன ஆகும் என்று ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்.

எல்லா அறிவுரையிலும் நான் நின்று நிதானமாகச் சொல்ல விரும்புவது இதைத்தான். ஒரு காகிதம் எடுத்துக்கொள்.

செயினும் அதில் பொருத்திய தகடும் சேர்ந்து மீட்டருக்கு 20 கிலோ. ஹெட் சக்கரத்திலிருந்து முதல் ரோலர் வரை தொங்குகிற இடைவெளி 2 மீட்டர். நடுவில் தொய்வு 50 மில்லிமீட்டர். தொங்குகிற செயின் தன் எடையாலேயே எவ்வளவு இழுக்கும்? இடைவெளியை இடைவெளியாலேயே பெருக்கு: 4. தொய்வை மீட்டரில் வைத்து எட்டால் பெருக்கு: 0.4. நான்கை 0.4ஆல் வகுத்தால் 10. அதை 20 கிலோவால் பெருக்கினால் 200 கிலோ.

இப்போது உன் மேஸ்திரி வந்து, "இன்னும் கொஞ்சம் டைட் வைப்பா" என்கிறார். தொய்வை 25 மில்லிமீட்டர் ஆக்குகிறாய். இழுப்பு 400 கிலோ ஆகிவிட்டது. இன்னொருவர் வந்து, "பார்க்க அசிங்கமா தொங்குதே" என்கிறார். 10 மில்லிமீட்டருக்குக் கொண்டுவருகிறாய். இழுப்பு 1000 கிலோ. கன்வேயரில் ஒரு கிலோ சரக்குக்கூட இன்னும் ஏறவில்லை. இரட்டைச் செயின் கன்வேயர் என்றால், ஹெட்டுக்கு எதிர்முனையில் இருக்கிற டெயில் ஷாஃப்டைச் சுற்றி ஒவ்வொரு செயினும் இரண்டு பக்கமும் இழுக்கும். 1000, 1000 என்று நான்கு இழுப்பு. சும்மா நிற்கிற ஷாஃப்டின் மேல் ஏறத்தாழ 4 டன்.

அந்த 4 டன் எங்கே போகும்? பேரிங்குக்குப் போகும். பால் பேரிங்கின் மேல் சுமை இரண்டு மடங்கானால் அதன் ஆயுள் எட்டில் ஒரு பங்காகக் குறையும் என்பது பேரிங் தயாரிக்கிற கம்பெனிகளின் கணக்கு. பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே எண்ணெய் நிற்க இடமில்லாமல் பிழிந்து தள்ளும். பிறகு இரும்பும் இரும்பும் நேராக உரசும். தேய்மானம் வேகமாகும், தேய்ந்ததால் தொய்வு வரும், தொய்வு வந்ததால் மறுபடி இறுக்குவார்கள். ஒரு ஆலையில் இந்தச் சுற்றிலேயே சிக்கி, ஒரே லைனில் பேரிங் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். "பேரிங் மட்டமான சரக்கு" என்று கடைக்காரரோடு சண்டை. டெயில் ஷாஃப்டை நகர்த்திச் செயினை இறுக்குகிற டேக்கப் ஸ்க்ரூவைத் தளர்த்தி, தொய்வை அளந்து வைத்த பிறகு அந்தச் சண்டை நின்றது. பேரிங் அதே கம்பெனிதான்.

அதனால் தொய்வைப் பார்த்து வெட்கப்படாதே. செயினுக்குத் தொய்வு வேண்டும். எவ்வளவு வேண்டும் என்பதை இயந்திரத்தோடு வந்த புத்தகத்தில் போட்டிருப்பார்கள். புத்தகம் காணாமல் போயிருந்தால் செயின் கம்பெனியின் கேட்டலாக்கைக் கேட்டு வாங்கு. கோயம்புத்தூரில் ரோலான் செயின் செய்கிறார்கள், சென்னையில் டயமண்ட் செயின் செய்கிறார்கள். நம் மாநிலத்திலேயே செயின் செய்கிற கம்பெனிகள் இருக்கும்போது ஒரு கேட்டலாக் வாங்க என்ன தடை?

6. இரண்டு பக்கமும் ஒன்றாக வர வேண்டும்.

இரட்டைச் செயின் கன்வேயரில் ஒரு பக்கம் மட்டும் இறுக்குகிற ஆளை நான் பக்கத்திலேயே விடமாட்டேன். ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர் இழுத்திருக்கிறாயா? ஒரு வடம் விறைத்து இன்னொரு வடம் தொய்ந்தால் தேர் வீதியை விட்டு ஒரு பக்கமாகத் திரும்பும், கட்டை போடுகிறவர் ஓடி வருவார். கன்வேயரில் கட்டை போட ஆள் கிடையாது. தகடு கோணும், செயின் தண்டவாளத்தின் ஓரத்தில் ஏறும், ரோலரின் ஒரு பக்கம் மட்டும் தின்னும், கடைசியில் ஏதாவது ஒன்று முறியும்.

இதற்கு வழி, டேப் எடுத்து இரண்டு பக்கமும் அளப்பது. டெயில் ஷாஃப்டின் மையத்திலிருந்து, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற ஏதாவது ஒரு நிலையான புள்ளி வரை. ஸ்க்ரூவின் மறை எத்தனை வெளியே தெரிகிறது என்று எண்ணுவது அளவு ஆகாது. சட்டமே கோணலாக வெல்டு ஆகியிருக்கலாம். ஷாஃப்ட் செங்கோணத்தில் இருக்கிறதா என்பதுதான் விஷயம்.

நூல் மில்லுக்குப் போகிற பிள்ளைகளுக்கு இது இன்னும் நுணுக்கமான சங்கதி. கார்டிங் மெஷினில் சிலிண்டருக்கு மேலே நூற்றுக்கு மேற்பட்ட ஃபிளாட் கம்பிகளை, பழைய மெஷின்களில் இரண்டு பக்கமும் இரண்டு செயின்தான் சுமந்து சுற்றுகிறது. ஃபிளாட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே இருக்கிற இடைவெளி கால் மில்லிமீட்டர் அளவு. ஒரு பக்கத்துச் செயின் அதிகம் தேய்ந்தால் ஃபிளாட் கோணலாக நகரும். ராஜபாளையத்து மில்களில் கார்டிங் பார்க்கிற மூத்த ஃபிட்டர்களிடம் போய், அவர்கள் ஃபிளாட் செயினை எப்படிப் பார்க்கிறார்கள் என்று நின்று கவனி. புத்தகத்தில் இல்லாததை அவர்கள் விரல் சொல்லும்.

இன்னொன்று. இரட்டைச் செயினை ஜோடியாகத்தான் வாங்க வேண்டும், ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். கம்பெனியில் நீளம் பார்த்து, ஜோடி சேர்த்து, அடையாளம் போட்டு அனுப்புவார்கள். அந்த அடையாளத்தைப் பெயிண்ட் என்று நினைத்துத் துடைத்துவிடாதே.

7. ஸ்க்ரூவைத் திருப்புகிற முறை.

முதலில் மறையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்து எண்ணெய் விடு. துருப்பிடித்த ஸ்க்ரூவை நீளமான பைப் போட்டுத் திருப்பினால் செயின் இறுகுகிறதா, துரு மட்டும் உடைகிறதா என்று உனக்கே தெரியாது. லாக்நட்டைத் தளர்த்து. ஒரு பக்கம் கால் சுற்று, மறு பக்கம் கால் சுற்று. மாறி மாறி. அளவு வந்ததும் கார்டை மாட்டி, பூட்டை எடுத்து, சரக்கில்லாமல் இரண்டு மூன்று சுற்று ஓட விட்டு, மறுபடி நிறுத்தி, மறுபடி பூட்டு. அப்போது அளந்தால் முதல் அளவு மாறியிருக்கும், ஏனென்றால் ஓடும்போதுதான் செயின் தன் இடத்தில் போய் உட்காரும். சரி செய்துவிட்டு லாக்நட்டை இறுக்கு. அப்படியே வந்துவிடாதே, லாக்நட் இறுக்கும்போது ஷாஃப்ட் கொஞ்சம் நகர்ந்திருக்கும். இன்னொரு தடவை டேப்.

எடை தொங்கவிட்ட டேக்கப் என்றால் எடைப்பெட்டியில் கல்லையோ பழைய இரும்பையோ கூடுதலாகப் போடாதே. அந்த எடை யாரோ கணக்குப் போட்டு வைத்தது. எடை கீழே தரையில் போய் உட்கார்ந்துவிட்டதா என்று மட்டும் பார். உட்கார்ந்துவிட்டால் அது இழுக்கவில்லை என்று அர்த்தம்.

8. புதுச் செயின் குழந்தைப் பருவத்தில் வேகமாகத் தளரும்.

புதிதாக மாட்டிய செயினில் பின்னும் புஷ்ஷும் ஒன்றோடு ஒன்று பொருந்துகிற வரை நீளம் சட்டென்று கூடும். "புதுச் செயின்தானே" என்று விட்டுவிடாதே. முதல் வாரம் தினமும் பார். அந்த மாதம் முடிகிற வரை வாரம் ஒரு தடவை. பிறகு மாதம் ஒரு தடவை. இரவும் பகலும் ஓடுகிற லைனுக்கு இன்னும் அடிக்கடி.

9. எப்போது கண்ணி எடுப்பது, எப்போது தூக்கிப் போடுவது.

டேக்கப் ஸ்க்ரூ கடைசி வரை போய்விட்டால் கண்ணி எடுக்கலாம். ஒரு வெளிக்கண்ணியும் ஒரு உள்கண்ணியும் சேர்ந்துதான் ஒரு ஜோடி, அதனால் இரண்டு இரண்டாகத்தான் எடுக்க வேண்டும். ஒற்றையாக எடுத்துவிட்டு வளைந்த அரைக்கண்ணி போட்டு ஒட்டுகிற பழக்கம் உண்டு. சரக்கு இழுக்கிற செயினில் அதைச் செய்யாதே, அந்த இடம்தான் முதலில் போகும். இரட்டைச் செயினில் இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் எடு.

கண்ணி எடுப்பதற்கு முன் தேய்மானத்தை அள. செயினை இழுத்து விறைப்பாக வைத்துக்கொண்டு, முதல் பின்னின் இடது ஓரத்திலிருந்து பதினோராவது பின்னின் இடது ஓரம் வரை டேப் பிடி. 100 மில்லிமீட்டர் பிட்ச் என்றால் புதிதில் 1000 மில்லிமீட்டர். 1020 ஆகிவிட்டால், அதாவது 2% கூடிவிட்டால், பொதுவாகக் கன்வேயர் செயினின் காலம் முடிந்தது. உன் செயினுக்குக் கம்பெனி வேறு எண் சொல்லியிருந்தால் அதை வைத்துக்கொள். செயினில் நாலைந்து இடத்தில் அள, ஒரு இடத்தை மட்டும் நம்பாதே.

எல்லையைத் தாண்டிய செயினில் கண்ணி எடுத்து ஓட்டுவது மிச்சம் பிடிப்பது போலத் தெரியும். பிட்ச் நீண்ட செயின் பல்லின் அடியில் உட்காராமல் நுனியில் ஏறி உட்காரும். பல் கொக்கி மாதிரி வளைந்து தேயும். பிறகு புதுச் செயின் வாங்கி அந்தக் கொக்கிப் பல்லில் மாட்டினால், புதுச் செயினையும் அது தின்றுவிடும். செயினை மாற்றும்போது சக்கரத்தைப் பார்க்காமல் மாற்றாதே. தேய்ந்த செயினின் நடுவில் நாலு புதுக் கண்ணியைச் சேர்ப்பதும் இதே தப்புதான். புதுக் கண்ணி பல்லுக்கு வரும்போதெல்லாம் ஒரு குலுக்கு குலுக்கும்.

10. சூட்டில் இறுக்காதே.

சிமெண்ட் ஆலைக்குப் போகிறவர்களுக்கு இது. கிளிங்கர் தூக்குகிற கன்வேயர் செயின் வேலை நடக்கும்போது சூடாக இருக்கும். இரும்பு மீட்டருக்கு, ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறத்தாழ 0.012 மில்லிமீட்டர் நீளும். 30 மீட்டர் செயின் 100 டிகிரி கூடுதலாகச் சூடானால் 36 மில்லிமீட்டர் கூடும். அந்தத் தொய்வைப் பார்த்து இறுக்கிவிட்டால், கிளிங்கர் சுடுகிற சூளையான கில்ன் நின்று செயின் குளிரும்போது அந்த 36 மில்லிமீட்டரும் சுருங்கி டெயில் ஷாஃப்டை இழுக்கும். எந்தச் சூட்டில் அளப்பது என்று முடிவு செய்து, எப்போதும் அதே நிலையில் அள.

11. எண்ணெய் போக வேண்டிய இடத்துக்குப் போக வேண்டும்.

செயினின் மேல் கிரீஸை அப்பினால் பளபளப்பாக இருக்கும், உள்ளே ஒன்றும் போகாது. எண்ணெய் போக வேண்டியது உள்தகடுக்கும் வெளித்தகடுக்கும் நடுவே இருக்கிற சந்து வழியாக, பின் வரை. அதுவும் செயின் தளர்ந்த பக்கத்தில், அங்கேதான் சந்து திறந்திருக்கும். சிமெண்ட் தூசியில் கிரீஸ் அப்பினால் அது பாலிஷ் பேஸ்ட்டாக மாறிச் செயினை அரைக்கும். முதலில் பிரஷ் போட்டுத் தூசியை எடு, அப்புறம் மெல்லிய எண்ணெய். நார் மில்லில் ஷாஃப்டிலும் சக்கரத்துப் பல் இடுக்கிலும் நார் சுற்றிக்கொள்ளும். பல்லுக்கு அடியில் நார் அடைத்தால் சக்கரம் பெரிதானது போலாகி, நீ இறுக்காமலே செயின் இறுகும். ஷிப்ட் முடிகிறபோது அதை வெட்டி எடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

மழைக்காலத்தில் லைன் சில நாள் நின்றிருந்தால் சில கண்ணிகள் துருவில் பிடித்துக்கொள்ளும். சக்கரத்தைத் தாண்டி வந்த பிறகும் மடங்கிய மாதிரியே நிற்கிற கண்ணியைப் பார்த்தால், அதை இறுக்கி நேராக்கப் பார்க்காதே. எண்ணெய் விட்டு அசைத்து விடுவி.

12. காதைத் தீட்டிக்கொள்.

இறுகிய செயின் ஒரே சுருதியில் முனகும், பேரிங் பக்கம் சூடு தெரியும். தொய்ந்த செயின் சட்டத்தில் அடித்து அடித்து ஓடும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே இடத்தில் ஒரு "டக்" கேட்டால் ஒரு கண்ணியிலோ ஒரு பல்லிலோ கோளாறு.

13. சரக்கோடு நிறுத்தாதே, சரக்கோடு கிளப்பாதே.

கரண்ட் போனால் ஒன்றும் செய்ய முடியாது. மற்ற நேரத்தில் கன்வேயரைக் காலியாக ஓடவிட்டு நிறுத்து. நிறைந்த கன்வேயரைக் கிளப்பும்போது செயினின் மேல் விழுகிற அடி, பல மணி நேர ஓட்டத்தில் விழாத அடி. கரண்ட் போய் வந்த பிறகு கிளம்ப மறுக்கிற லைனைத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பட்டனை அமுக்கிக் கிளப்பப் பார்ப்பார்கள். ஆள் வைத்துக் கொஞ்சம் சரக்கை அள்ளிப் போடச் சொல். அள்ளுகிற நேரம் செயின் அறுந்து நிற்கிற நேரத்தைவிடக் குறைவு.

14. நோட்டு எழுது.

தேதி, எந்தக் கன்வேயர், தொய்வு எவ்வளவு, இடது வலது டேக்கப் அளவு, பத்துக் கண்ணி நீளம், என்ன செய்தாய். இவ்வளவுதான். மூன்று மாதம் எழுதினால், எந்தச் செயின் எப்போது மாற்ற வேண்டும் என்று நீயே முன்கூட்டிச் சொல்லிவிடுவாய். ஸ்டோரில் செயின் வாங்கி வைக்க அவர்களுக்கும் நேரம் கிடைக்கும். நீ எழுதிய எண்ணைக் காட்டிப் பேசினால், "இன்னும் டைட் வை" என்கிற இன்சார்ஜ்கூட நின்று கேட்பார். "சார், போன வாரம் 50, இன்னைக்கு 52, கூட்டத் தேவையில்லை" என்று மரியாதையாகச் சொல். ஐடிஐ படித்துவிட்டு வருகிற பெண்பிள்ளைகள் இந்த நோட்டை ஒழுங்காக எழுதுகிறார்கள், அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்வதில் தப்பில்லை.

கடைசியாக, இதைப் படிக்கிற ஃபோர்மேன்களுக்கும் ஆலைச் சொந்தக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புதுப் பிள்ளையைச் செயின் பக்கம் அனுப்பும்போது வெறும் ஸ்பேனரோடு அனுப்பாதீர்கள். பூட்டு, ஸ்டீல் ரூல், டேப், நோட்டு நான்கையும் கையில் கொடுங்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் லைனை முழுதாக நிறுத்தி, அளந்து பார்க்க அவனை விடுங்கள். அந்த ஒரு மணி நேரத்தை உற்பத்தியில் கழித்துக்கொண்டு அவனைத் திட்டாதீர்கள்.